வேதநாயகம் சாஸ்திரியார்

வேதநாயகம் சாஸ்திரியார் (செப்டம்பர் 7, 1774 - சனவரி 24, 1864) தமிழ்க் கிறித்தவ இசைப்பாடல்களின் முன்னோடிகளுள் ஒருவர். புலவர், ஆசிரியர், பாடகர். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் என்றும், சுவிசேட கவிராயர் என்றும் அழைக்கப்படுகிறார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த இவர், சிறுவனாக இருக்கும்போதே செருமானிய மறைப்பணியாளர் சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கேயே கற்று, அங்கேயே பணியாற்றி, அங்கேயே மறைந்தார். பெத்லகேம் குறவஞ்சி, ஞானத்தச்ச நாடகம், சாஸ்திரக் கும்மி, ஜெபமாலை ஆகியன இவருடைய புகழ்பெற்ற நூல்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் அவையில் புலவராகவும் விளங்கினார்.

தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்று பாடப்படும் கீர்த்தனைகளில் குறிப்பிடத்தக்க பகுதி இவர் இயற்றியது. ஆயினும் இவர் வாழ்நாளில், இப்பாடல்கள் கோவிலுக்குள் பாடப்படலாமா என்பதே பெரும் வழக்காக இருந்தது. திருச்சபைக்காகவே பாடக் கற்ற ஒருவரின் பாடல்களுக்கு அத்திருச்சபையிலேயே இடம் மறுக்கப்பட்டதும், பின்னர் வேறோர் ஊரின் வழியாக அவை திரும்பி வந்ததும் இவர் வாழ்க்கை வரலாற்றின் முக்கிய நிகழ்வுகளாகும்.

இவரை, பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் முதல் தமிழ்ப் புதினத்தை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையுடன் (1826 - 1889) குழப்பிக் கொள்ளலாகாது. அவரும் கிறித்தவர், கீர்த்தனைகள் இயற்றியவர் என்பதால் இக்குழப்பம் அடிக்கடி நேர்கிறது.

பிறப்பும் குடும்பமும்

வேதநாயகம் 1774 ஆம் ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள் திருநெல்வேலியில் வேளாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் அருணாசலம் பிள்ளை. அவர் கத்தோலிக்க மறையைத் தழுவித் தேவசகாயம் என்னும் பெயரைப் பெற்றவர். பின்னர்ச் சீர்திருத்தச் சபையில் சேர்ந்தார். தாயார் பெயர் ஞானப்பூ. தந்தை கல்வியறிவு உடையவராதலால் மகனுக்கு இளமையிலேயே தமிழ் இலக்கணமும் செய்யுளும் கற்க வாய்ப்புக் கிடைத்தது.

வேதநாயகம் பிறந்த காலத்துத் திருநெல்வேலிச் சீமை, பாட்டும் கூத்தும் செழித்திருந்த பகுதியாகும். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலநாதரைப் பாடிய குற்றாலக் குறவஞ்சி இதே சீமையில் 18 ஆம் நூற்றாண்டில் தோன்றியது. வடக்கே திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் பாசுரங்கள் பல நூற்றாண்டுகளாக ஓதப்பட்டு வந்தன. இறைவனைத் தலைவனாகவும் அடியாரைத் தலைவியாகவும் வைத்துப் பாடும் மரபு இப்பகுதி மக்களுக்குப் பழக்கமானது. கும்மி, ஏற்றப்பாட்டு, நொண்டி நாடகம் போன்ற வடிவங்களும் ஊர்கள்தோறும் வழங்கின. பிற்காலத்தில் வேதநாயகம் கையாண்ட வடிவங்கள் ஏறத்தாழ அனைத்தும் இத்தகைய தமிழ் மரபிலிருந்து எடுக்கப்பட்டவையே.

பாளையங்கோட்டையில் சீர்திருத்தச் சபை அப்போது மிகச் சிறியதாக இருந்தது. 1778 ஆம் ஆண்டில் குளோரிந்தா என்னும் பெண்மணி சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய முயற்சியால் எழுந்த சிற்றாலயத்தைச் சுற்றிச் சபை வளரத் தொடங்கியது.

சுவார்ட்ஸ் ஐயருடன் தஞ்சைக்கு

கிறித்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் (1726 - 1798) என்பவர் 1750 ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த செருமானிய லுத்தரன் மறைப்பணியாளர். திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய பின் 1778 முதல் தஞ்சாவூரைத் தலைமையிடமாகக் கொண்டார். தமிழ், மராத்தி, பாரசீகம் முதலிய மொழிகளை அறிந்தவர். தஞ்சை மராத்திய அரசிலும் ஆங்கிலேயக் கும்பினியிலும் ஒருசேர மதிப்புப் பெற்றிருந்தவர்.

1785 ஆம் ஆண்டளவில் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது சிறுவன் வேதநாயகத்தைக் கண்டார். அப்போது வேதநாயகத்துக்குப் பதினோரு வயது. அவனது தமிழறிவைக் கண்ட அவர், தம்முடன் தஞ்சைக்கு அனுப்புமாறு தந்தையைக் கேட்டார். தந்தை தயங்கினார். சிறுவன் செல்ல விரும்பினான். இறுதியில் தந்தை இசைந்தார். அக்காலத்தில் திருநெல்வேலியிலிருந்து தஞ்சைக்குச் செல்வது பல நாட்கள் பிடிக்கும் பயணம். சிறு வயதில் வீட்டை விட்டுச் சென்ற வேதநாயகத்துக்குச் சுவார்ட்ஸ் ஆசிரியராக மட்டுமன்றி வளர்ப்புத் தந்தையாகவும் ஆனார்.

தஞ்சையில் சுவார்ட்சின் பொறுப்பில் இருந்த மற்றொரு சிறுவர் இளவரசர் சரபோஜி (1777 - 1832). மன்னர் துளஜாஜி 1787 ஆம் ஆண்டில் இறக்கும் முன் சரபோஜியை மகவேற்புச் செய்து சுவார்ட்சின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். வேதநாயகமும் சரபோஜியும் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள் என்பது பின்னாளில் இருவர் வாழ்விலும் பயன் தந்தது.

தரங்கம்பாடியில் கல்வி

1789 ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், வேதநாயகம் மேற்கல்விக்காகத் தரங்கம்பாடிக்கு அனுப்பப்பட்டார். தஞ்சையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் கடற்கரையில் அமைந்த தரங்கம்பாடி அக்காலத்தில் தென்மார்க்கு நாட்டின் குடியேற்றமாக இருந்தது. 1706 ஆம் ஆண்டில் சீகன்பால்க் ஐயர் வந்திறங்கியது முதல் அங்கே பள்ளியும் அச்சகமும் நூலகமும் வளர்ந்திருந்தன.

அக்காலத் தரங்கம்பாடி ஐயர்மார் இறையியலோடு இயற்கை அறிவியலிலும் நாட்டம் கொண்டவர்கள். கிறித்தோப் சாமுவேல் ஜான் கடல்வாழ் உயிரினங்களைத் தொகுத்து ஆய்ந்தார். இராட்லர் தாவரங்களைத் தொகுத்தார். கிளைன் மருத்துவர். அவர்களிடம் வேதநாயகம் வேதநூலை மட்டுமன்றி வானியல், புவியியல், கணிதம், உடற்கூற்றியல் ஆகியவற்றையும் கற்றார். ஞாயிற்றைப் புவி சுற்றி வருகிறது என்னும் கொள்கையையும், கண்டங்களின் பெயர்களையும், மனித உடலின் அமைப்பையும் இவர் பின்னாளில் தமிழ்ப் பாடல்களில் அமைத்தார். மேனாட்டு அறிவியலைத் தமிழ்ச் செய்யுளில் தந்த முதல்வர்களுள் இவரும் ஒருவர் எனலாம்.

ஆசிரியப் பணி

கல்வி முடிந்து தஞ்சை திரும்பிய வேதநாயகத்தைச் சுவார்ட்ஸ் 1794 ஆம் ஆண்டளவில் தஞ்சைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக நியமித்தார். அப்போது இவருக்கு வயது இருபது. உபதேசியார்களாகவும் பள்ளி ஆசிரியர்களாகவும் பணியாற்றவிருந்த இளைஞர்கள் இவரிடம் பயின்றனர். பகலில் கற்பித்தலும் மாலையில் பாடல் இயற்றலுமாக இவர் வாழ்க்கை அமைந்தது. பாடங்களை மாணவர் மனத்தில் இருத்தவும் இவர் பாடல்களையே கருவியாகப் பயன்படுத்தினார். இங்குப் பயின்று ஊர்களுக்குச் சென்றவர்கள் இவருடைய பாடல்களையும் உடன் கொண்டு சென்றனர்.

1798 பெப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் காலமானார். அவருக்குப் பின் அவருடைய வளர்ப்பு மகன் போன்றவரான கோலாஃப் ஐயர் தஞ்சைச் சபையை நடத்தினார். அவர் காலத்திலும் வேதநாயகத்தின் பணி தடையின்றித் தொடர்ந்தது.

அக்காலத் திருச்சபை இசை

வேதநாயகம் பாடத் தொடங்கிய காலத்தில் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் ஞானப்பாட்டுகள் எனப்படும் மொழிபெயர்ப்புகள் ஆகும். செருமானிய மொழிப் பாடல்களை அவற்றின் மெட்டு மாறாமல் தமிழில் ஆக்கியவையே இவை. இப்பணியில் சிறந்து விளங்கியவர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்த யோகான் பிலிப் பப்ரிசியஸ் (1711 - 1791). இவருடைய வேதாகம மொழிபெயர்ப்பும் தமிழ் லுத்தரன் கிறித்தவரிடையே பெருமதிப்புப் பெற்றது.

ஞானப்பாட்டுகள் பொருளால் சிறந்தவை எனினும் மெட்டோடு பொருந்துவதில் இடர் இருந்தது. செருமானியப் பாடலில் ஓரசைக்கு ஒரு சுரம் என்பது பொது வழக்கு. சுரத்தின் நீளம் மெட்டால் முடிவாகிறது. தமிழிலோ குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுபவை. படு என்னும் சொல்லின் முதலெழுத்தை நீண்ட சுரத்தில் நிறுத்தினால் கேட்போர் காதில் அது பாடு என்று விழும். எதுகை, மோனை ஆகியவையும் பிறமொழி மெட்டின் அடிகளில் இயல்பாக அமைவதில்லை. எனவே புதிதாகச் சபையில் சேர்ந்தவர்களுக்கு ஞானப்பாட்டுகள் மனத்தில் எளிதில் பதியவில்லை.

கீர்த்தனை வடிவம் இதற்கு மாறானது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் ஒருவர் சரணத்தைப் பாட, கூடியிருப்போர் பல்லவியைத் திரும்பப் பாடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பல்லவியை ஒரே மாலையில் கற்றுக்கொள்ள முடியும். இராகமும் தாளமும் மக்கள் முன்பே அறிந்தவை. வேதநாயகம் தம் திருச்சபைப் பாடல்களுக்கு இவ்வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இவர் வாழ்ந்த தஞ்சை கருநாடக இசையின் தாயகமாகவும் விளங்கியது. சியாமா சாஸ்திரி (1762 - 1827), தியாகராசர் (1767 - 1847), முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய இசை மும்மூர்த்திகள் இவருடைய சமகாலத்தவர்கள். தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் அக்காலத் தஞ்சை அரசவையோடு தொடர்புடையவர்கள். அச்சூழலின் இசை வளம் கிறித்தவத் திருச்சபைக்குள் வருவதற்கு வழி வகுத்தவர் வேதநாயகம்.

படைப்புகள்

வேதநாயகம் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை இயற்றியதாகக் கூறுவர். அவற்றுள் சிறியவும் பெரியவும் உண்டு. சில நூல்கள் வருமாறு:

* பெத்லகேம் குறவஞ்சி
* ஞானத்தச்ச நாடகம்
* ஞான நொண்டி நாடகம்
* ஞான ஏற்றப்பாட்டு
* ஞானக் கும்மி
* சாஸ்திரக் கும்மி
* பேரின்பக் காதல்
* ஆரணாதிந்தம்
* பராபரன் மாலை
* ஜெபமாலை

பெத்லகேம் குறவஞ்சி

இவருடைய நூல்களில் மிகவும் அறியப்பட்டது இது. 1800 ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டுப் பின்னர் விரிவாக்கப்பட்டது. குறவஞ்சி என்னும் சிற்றிலக்கியத்தில் தலைவன் உலா வருவான். அவனைக் கண்டு தலைவி காதல் கொள்வாள். குறத்தி வந்து தன் நாட்டு வளம் கூறிக் குறி சொல்வாள். அவளைத் தேடிக் கணவனாகிய சிங்கன் பறவை பிடிக்கும் வலையோடு வருவான்.

வேதநாயகம் இவ்வமைப்பைச் சற்றும் குலைக்காமல் கிறித்தவப் பொருளை அதில் வைத்தார். உலா வரும் தலைவன் கிறித்து. தலைவி தேவமோகினி, இவள் திருச்சபையின் உருவகம். குறத்தி விசுவாசத்தின் உருவகம். சிங்கன் நற்செய்தி வலையை விரித்து ஆன்மாக்களாகிய பறவைகளைப் பிடிக்கும் உபதேசியார். நிலவை நோக்கிப் பாடும் இடத்தில் வானியலும், குறத்தி நாடு கூறும் இடத்தில் உலகப் புவியியலும் இடம் பெறுகின்றன. ஒரே நூலில் குறவஞ்சியின் சுவையும் வேதப்பொருளும் தரங்கம்பாடிக் கல்வியும் இணைந்திருப்பது இதன் தனிச்சிறப்பு.

பிற நூல்கள்

ஞானத்தச்ச நாடகம் நோவா பேழை கட்டிய வரலாற்றைக் கூறுவது. ஞான நொண்டி நாடகம், தவறான வழியில் சென்று கால் இழந்து பின் திருந்துபவனைப் பற்றிய நொண்டி நாடக வடிவத்தைப் பயன்படுத்தி, ஊதாரி மைந்தன் உவமையை விளக்குவது. ஞான ஏற்றப்பாட்டு, கிணற்றில் ஏற்றம் இறைப்போர் சால்களை எண்ணிப் பாடும் முறையைத் தழுவியது. உழவர் தம் வேலையினூடே வேத வரலாற்றை எண்ணிப் பாடுவதற்கு ஏற்ற வடிவம் அது. கும்மி நூல்கள் பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடுவதற்கு உரியவை. சாஸ்திரக் கும்மி மூட நம்பிக்கைகளைக் கண்டிப்பது. சகுனம், நல்ல நாள் கெட்ட நாள் பார்த்தல் முதலியவற்றை அது எள்ளி நகையாடுகிறது.

ஜெபமாலை இவருடைய கீர்த்தனைகளின் கருவூலம் எனலாம். காலை, மாலை வழிபாடு, கிறித்து பிறப்பு, சிலுவைப்பாடு, உயிர்த்தெழுதல் என ஒவ்வொரு வேளைக்கும் உரிய பாடல்கள் இதில் உள்ளன. பிற்காலக் கீர்த்தனைத் தொகுப்புகளில் இடம்பெற்ற இவருடைய பாடல்கள் பல இந்நூலிலிருந்து எடுக்கப்பட்டவை.

இசை நிகழ்ச்சிகளும் பட்டங்களும்

வேதநாயகம் எழுதி வைத்துவிட்டு அமைந்தவர் அல்லர். தாமே பாடி, இடையிடையே பொருள் விளக்கி, உடன் பாடுவோர் குழுவோடு பல ஊர்களுக்கும் சென்று தம் நூல்களை அரங்கேற்றினார். தஞ்சை, திருச்சிராப்பள்ளி, தரங்கம்பாடி, சென்னை வேப்பேரி முதலிய இடங்களில் சபையார் இவரை வரவழைத்துக் கேட்டனர். சுவிசேட கவிராயர், ஞானதீபக் கவிராயர், வேதசிரோன்மணி முதலிய பட்டங்களைப் பெற்றார். சாஸ்திரியார் என்பதும் புலமை கருதி வழங்கப்பட்ட பெயரே; இப்பெயர் பின்னர் இவர் வழிவந்தோருக்கும் குடும்பப் பெயராக நிலைத்தது. இவருடைய மகளாக வளர்ந்த ஞானதீபம் அம்மையாரும் பாடல்கள் இயற்றியவர்.

சரபோஜி மன்னருடன் தொடர்பு

இரண்டாம் சரபோஜி 1798 ஆம் ஆண்டில் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே அரசியல் அதிகாரம் பெரும்பாலும் ஆங்கிலேயரிடம் சென்றது. மன்னரின் ஆட்சி தஞ்சைக் கோட்டைக்குள் சுருங்கியது. கல்வியிலும் கலையிலும் நாட்டம் செலுத்திய அவர் சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தார், அச்சகம் நிறுவினார், மேனாட்டு இசைக்கருவிகளைத் தம் அவைக்குக் கொணர்ந்தார். தம் ஆசிரியர் சுவார்ட்சின் நினைவாக இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குச் சிற்பத்தைத் தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையில் உள்ள ஆலயத்தில் நிறுவச் செய்தார்.

மன்னர் தம் இளமைக்காலத் தோழரின் பாடல்களை விரும்பிக் கேட்டார். தஞ்சைப் பெரிய கோவில் இறைவன் மீது ஒரு நூல் பாடுமாறு மன்னர் கேட்டதாகவும், சாஸ்திரியார் அதற்கு இணங்காமல் கிறித்துவைப் போற்றும் பாடலையே பாடியதாகவும், மன்னர் அதனால் சினம் கொள்ளவில்லை என்றும் கிறித்தவரிடையே ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது.

புதிய மறைப்பணியாளர்களுடன் பிணக்கு

தஞ்சைப் பணிக்கு நெடுங்காலம் பொருளுதவி செய்து வந்தது இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம். பணியாற்றியவர்களோ செருமானிய லுத்தரன் ஐயர்மார். 1820களின் நடுப்பகுதியில் இப்பணி மற்றோர் ஆங்கிலேயக் கழகமான நற்செய்தி பரப்புக் கழகத்தின் பொறுப்புக்கு மாறியது. இதே காலத்தில் புதிய தலைமுறை ஐயர்மார் பொறுப்பேற்றனர். அவர்களுள் ஹௌப்ரோ ஐயர் குறிப்பிடத்தக்கவர். சுவார்ட்ஸ் காலத்து வழக்கங்கள் பலவற்றை அவர்கள் ஏற்கவில்லை.

சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்த தஞ்சை, வேப்பேரிச் சபையாரும் புதியவர்கள் மீது நான்கு குறைகளைக் கூறினர். பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பு வழக்கில் இருக்க, பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸ் ஐயரைக் கொண்டு வேதாகமத்தைத் திருத்தி எழுதுவது முதற் குறை. சாதி வேறுபாட்டைக் கைவிடுமாறு வற்புறுத்துவது இரண்டாவது. திருமணத்திலும் நல்லடக்கத்திலும் மலர்கள் பயன்படுத்துவதைத் தடுப்பது மூன்றாவது. வழிபாட்டிலும் திருநாட்களிலும் தமிழ்க் கீர்த்தனைகள் பாடுவதை விலக்குவது நான்காவது.

நான்காவது குறை சாஸ்திரியாரை நேரடியாகத் தாக்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சபைக்கென்று இயற்றிய பாடல்கள், புறச்சமயத்தாரின் இசையைச் சார்ந்தவை என்னும் ஐயத்துக்கு உள்ளாயின. சாஸ்திரியார் தம் தரப்பை விளக்கிப் பல எழுத்துகளை எழுதினார். தமிழ் இசையும் மலரும் புறச்சமயத்துக்கு மட்டும் உரியவை அல்ல, அவை தமிழரின் பொது வழக்கு என்பது அவர் வாதத்தின் சாரம்.

1826 ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் திருநாளன்று கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் தஞ்சைக்கு வருகை தந்தார். அவரும் ஒரு பாடலாசிரியர். சாதி குறித்த வழக்கில் இரு தரப்பையும் கேட்டு மென்மையாக நடந்துகொள்ள அவர் விரும்பினார். ஆனால் ஏப்ரல் 3 அன்று திருச்சிராப்பள்ளியில் நீராடும்போது திடீரென இறந்தார். பிணக்குத் தீரவில்லை. 1829 ஆம் ஆண்டளவில் ஹௌப்ரோ ஐயர் சாஸ்திரியாரைப் பணியிலிருந்து நீக்கினார். அப்போது சாஸ்திரியாருக்கு வயது ஐம்பத்தைந்து.

சாதி பற்றிய நிலைப்பாடு

இப்பிணக்கை இசை பற்றியது மட்டும் என்று கொள்வது முழுமையாகாது. அக்காலத் தஞ்சைச் சபையில் வேளாளர் தனியாகவும் ஒடுக்கப்பட்ட சாதியினர் தனியாகவும் அமர்ந்தனர். திருவிருந்திலும் முன் பின் என்னும் வேறுபாடு இருந்தது. இவ்வழக்கத்தைப் புதிய ஐயர்மார் மாற்ற முயன்றபோது சாஸ்திரியார் அதனை எதிர்த்து எழுதினார். சாதி என்பது உலகியல் ஒழுக்கம், சமயத்தோடு தொடர்பற்றது, சுவார்ட்ஸ் போன்ற பெரியோர் அதனைப் பொறுத்துக் கொண்டனர் என்பது இவர் கருத்து.

1833 ஆம் ஆண்டில் பேராயர் தானியேல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் ஒழிய வேண்டும் என ஆணையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளர் பலர் சபையை விட்டு விலகினர். சிலர் பின்னர் இலைப்சிக் லுத்தரன் மறைப்பணியைச் சார்ந்தனர்.

இசையைப் பொறுத்தவரை சாஸ்திரியாரின் கருத்தே காலப்போக்கில் வென்றது. சாதியைப் பொறுத்தவரை அவருடைய கருத்து தோற்றது. அது தோற்றதே முறை என்று இன்று பெரும்பாலோர் கருதுவர். அவரை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது. எல்லாச் சாதி மக்களின் ஏற்றப்பாட்டையும் கும்மியையும் திருச்சபைப் பாடலாக்கிய அதே கவிஞர், அம்மக்கள் ஒரே வரிசையில் அமர்வதை ஏற்கவில்லை என்பது அவர் வாழ்வின் முரண்பாடாகும்.

அரசவைப் புலவர்

திருச்சபையில் பணி இழந்த சாஸ்திரியாருக்குச் சரபோஜி மன்னர் கைகொடுத்தார். 1829 ஆம் ஆண்டில் இவர் அரசவைப் புலவராக நியமிக்கப்பட்டு ஊதியம் பெற்றார். இந்து மன்னர் ஒருவரின் அவையில், கிறித்தவப் பாடல்களை மட்டுமே பாடிய ஒருவர் புலவராக அமர்ந்தது அக்காலத்துக்குப் புதுமையே. ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள், 1832 மார்ச் மாதத்தில், சரபோஜி காலமானார். சாஸ்திரியார் பெரும் புரவலரை இழந்தார். ஆயினும் பாடல் இயற்றுவதையும் ஊர்கள்தோறும் சென்று பாடுவதையும் முதுமையிலும் கைவிடவில்லை.

1853 ஆம் ஆண்டுக் கீர்த்தனைத் தொகுப்பு

தஞ்சையில் மறுக்கப்பட்ட இடம் மதுரைச் சீமையில் கிடைத்தது. 1834 முதல் அங்கே இயங்கிய அமெரிக்க மதுரை மறைப்பணியைச் சேர்ந்தவர் எட்வர்ட் வெப் ஐயர். ஆலயத்தில் மேனாட்டு மெட்டுகளில் மக்கள் ஈடுபாடின்றிப் பாடுவதையும், அதே மக்கள் தம் இல்லங்களில் தமிழ் மெட்டுகளை மகிழ்ந்து பாடுவதையும் அவர் கவனித்தார். தமிழ் யாப்பையும் இசையையும் கற்கத் தலைப்பட்ட அவர் முதியவரான சாஸ்திரியாரோடு தொடர்பு கொண்டார்.

1853 ஆம் ஆண்டில் வெப் ஐயர் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளின் தொகுப்பு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். அதில் சாஸ்திரியாரின் பாடல்கள் பெரும்பங்கு வகித்தன. அச்சில் வந்ததால் பாடல்கள் பாடகரை எதிர்பார்த்திராமல் ஊர்கள்தோறும் சென்றன. பல்லவியையும் சரணங்களையும் சபையார் மனனம் செய்தனர். பின்னர் இத்தொகுப்பு பலமுறை விரிவாக்கப்பட்டு, பிற மறைப்பணிகளாலும் ஏற்கப்பட்டது. இன்று கிறிஸ்தவ கீர்த்தனைகள் என்னும் பெயரில் சபைகளில் வழங்கும் நூல்களுக்கு இதுவே முன்னோடி.

தொகுப்பு வெளிவந்தபோது சாஸ்திரியாருக்கு எழுபத்தொன்பது வயது நெருங்கியிருந்தது. தம் பாடல்கள் ஆலயத்துக்குள் மீண்டும் ஒலிப்பதைக் காணும் வாய்ப்பு அவருக்கு வாழ்நாளிலேயே கிடைத்தது.

மறைவு

வேதநாயகம் சாஸ்திரியார் 1864 ஆம் ஆண்டு சனவரி 24 அன்று தம் எண்பத்தொன்பதாம் வயதில் தஞ்சையில் காலமானார். அவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகக் கிறித்தவக் கதாகாலட்சேபம் செய்து அவருடைய பாடல்களைப் பாடி வந்துள்ளனர்.

தாக்கம்

சாஸ்திரியாருக்குப் பின் தமிழ்க் கிறித்தவக் கவிஞர் பலர் கீர்த்தனை மரபைத் தொடர்ந்தனர். தென்காசிக்கு அருகில் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் (1859 - 1919), ஆசிரியப் பணிக்காகத் தஞ்சைக்குச் சென்று அங்கேயே தங்கிக் கிறித்தவக் கீர்த்தனைகள் இயற்றியதோடு, 1917 ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் இசை ஆய்வு நூலையும் வெளியிட்டார். தென்பாண்டிச் சீமையில் பிறந்து, தஞ்சையில் கற்பித்து, இசையால் புகழ் பெற்ற வகையில் இருவர் வாழ்க்கையும் ஒத்திருக்கின்றன.

சீர்திருத்தச் சபைகள் பல இணைந்து 1947 ஆம் ஆண்டில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது கீர்த்தனைகள் அதன் தமிழ் வழிபாட்டில் நிலையான பகுதியாக இருந்தன. இன்று தமிழகத்துச் சபைகளில் ஞாயிறு வழிபாட்டில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் இரண்டுமே பாடப்படுகின்றன. திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும், வடக்கே இராசபாளையம், திருவில்லிபுத்தூர், சிவகாசி போன்ற ஊர்களிலும் சிறு வயதிலேயே பாடகர் குழுவில் சேரும் பிள்ளைகள் கீர்த்தனைகளைப் பாடியே இராகத்தையும் தாளத்தையும் அறிகின்றனர். அப்பகுதியிலிருந்து பதினோரு வயதில் புறப்பட்ட சிறுவனின் பாடல்களும் அவற்றுள் அடங்கும்.

தமிழ் இலக்கிய வரலாற்றில் சாஸ்திரியாரின் இடம் இன்னும் முழுமையாக மதிப்பிடப்படவில்லை. சிற்றிலக்கியம், நாட்டார் வழக்காறு, கருநாடக இசை, மேனாட்டு அறிவியல் ஆகிய நான்கும் சந்திக்கும் இடத்தில் அவருடைய நூல்கள் நிற்கின்றன. கிறித்தவ இலக்கியம் பயில்வோர் மட்டுமன்றி, 19 ஆம் நூற்றாண்டுத் தஞ்சையின் இசை, கல்வி, சமூக வரலாற்றை ஆராய்வோரும் அவருடைய நூல்களைப் பயன்படுத்துகின்றனர்.